மாவு ஏறாத மகரந்தம்

காத்தவராயனின் நெல் பச்சைப்பசேலென்று பூத்து நின்றது. மகள் வெண்பாவுக்குத்தான் சந்தேகம். விவசாயக் கல்லூரியில் படிக்கிறவள், இரவல் வாங்கி வந்த மைக்ராஸ்கோப்பில் மகரந்தத்தை வைத்து ஒரு சொட்டு அயோடின் விட்டாள்.

"உள்ள மாவு சேர்ந்திருந்தா கருப்பா மாறணும்ப்பா. எல்லாம் மஞ்சளாவே நிக்குது. இனி மணி பிடிக்காது, பதருதான்."

"பயிரு நல்லாத்தானே இருக்குது?"

"கதிரு வெளிய வராம தொண்டையில இருந்தப்ப வயலு காஞ்சுதா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். மனைவி காசியம்மாள் தன் அக்காவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியது அவர் பொறுப்பு. அவர் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் சூளை வேலை மும்முரம். பச்சையாக நிற்கிற பயிருக்கு என்ன அவசரம் என்று அங்கேயே தங்கிவிட்டார். போனில் மட்டும் தினமும் அவளிடம், "பாய்ச்சிட்டேன்" என்றார்.

காசியம்மாள் உள்ளே வந்தாள். "என்னாங்க, அப்பனும் பொண்ணும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"மழை இல்லாததுனால பூவெல்லாம் மலடாயிடுச்சும்மா" என்றாள் வெண்பா.

"மழைய ஏன் இழுக்கிற, பாப்பா?" காத்தவராயன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் தண்ணி பாய்ச்சல, காசி."

காசியம்மாள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"பத்து நாள்ல ஒரு நாளாவது?"

அதற்கும் ஆமென்று அவரால் தலையாட்ட முடியவில்லை.