வெள்ளிக்கிழமை வரை பெட்டியில்

எனக்குப் பொறுமை கிடையாது. பதினோரு வருஷமாக மழலையர் வகுப்பில் மாரடிக்கிறவள் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையைப் போல நான் ஒருநாளும் இருப்புக்கொள்ளாமல் தவித்ததில்லை.

அந்த வாரம் ‘ப’ சத்தம். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு ‘ப’ என்றால் காகிதம் துள்ள வேண்டும். இருபத்திரண்டு வாண்டுகளும் ஊதித் துள்ளவைத்தன. “ஊதாதே, சொல்லு!” என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் காய்ந்தது. அது போக, ‘ப’வில் ஆரம்பிக்கும் பொருள் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து என் அட்டைப் பெட்டியில் போட வேண்டும். ஒருவன் விழுந்த பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தான். ஒருத்தி கொண்டுவந்தது பொம்மை. எழுத்து ‘ப’ வரிசைதான் என்றாலும் பொம்மையில் சத்தம் வேறு, காகிதம் சரியாகத் துள்ளாது. வேண்டாம் என்றால் அழுவாளே என்று விட்டுவிட்டேன். இன்னொருத்தியின் தீப்பெட்டிக்குள் உயிரோடு ஒரு பல்லி! ஆயாம்மா போட்ட கூச்சலில் அது ஜன்னல் வழியாக ஓடியே போய்விட்டது.

பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு, நான் போட்டதுதான். உள்ளே போனது வெள்ளிக்கிழமைதான் வெளியே வரும். முன்பெல்லாம் நிமிஷத்துக்கு ஒருதரம் “என்னோடதைக் குடுங்க மிஸ்” என்று உயிரை வாங்கினார்கள். “யார் வந்து கேட்டாலும் தர மாட்டேன், ஹெட்மிஸ்ட்ரஸே வந்தாலும் சரி” என்று வீறாப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்.

என் தவிப்புக்குக் காரணம் குண்டூசி. ஆள் ஒல்லி, பார்வை கூர்மை. அதனால் நான் வைத்த பெயர். முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய அம்மா என்னைத் தனியாக அழைத்தாள். நர்ஸ் வேலை பார்ப்பவள். வெளிநாட்டில் இரண்டு வருஷத்துக்கு வேலை கிடைத்திருக்கிறதாம், மறுநாள் மத்தியானம் விமானமாம்.

“அவகிட்ட சொல்லலை மிஸ். சொன்னா காலைக் கட்டிக்குவா. அவ ஸ்கூல்ல இருக்கும்போதே கிளம்பிடறேன். சாயங்காலம் எங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போவா. நீங்களும் மூச்சு விட்டுடாதீங்க.”

நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டிவிட்டேன். அதிலிருந்தே மனசு அடித்துக்கொண்டது.

குண்டூசியின் முறை வந்தது. சட்டைக்குள் கையை விட்டு எதையோ எடுத்துப் பெட்டியில் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

“என்னடி அது? காட்டிட்டுப் போடு.”

“பாஸ்போர்ட்.”

சட்டென்று அதை வெளியே எடுத்தேன். திறந்து பார்த்தேன். அம்மாவின் படம்தான்.

“அம்மாவோடதை ஏம்மா எடுத்துட்டு வந்தே?”

“இது இல்லைன்னா ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டாங்களாம். பெரியம்மா போன்ல சொன்னாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பெட்டியிலயே இருக்கும்தானே மிஸ்? யார் கேட்டாலும் தர மாட்டீங்கதானே?”

மணி ஒன்பதரை. உடனே ஆபீசுக்கு ஓடிப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பெட்டியை அலமாரிமேல் வைத்தேன். இறக்கினேன். மறுபடி தூக்கி வைத்தேன். கரும்பலகைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

“ஏன் மிஸ் சுத்திக்கிட்டே இருக்கீங்க?” என்றாள் பல்லிக்காரி.

“வாயை மூடிட்டு ‘ப’ சொல்லு!”

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அவள் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தாள். குண்டூசி மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை அன்றைக்குத்தான் கரும்பலகையைப் பார்த்தாள், காகிதத்தைத் துள்ளவிட்டுச் சிரித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பத்தேகாலுக்கு அம்மா ஓடிவந்தாள். தலை பாதி பின்னியும் பின்னாமலும் இருந்தது. தெருவில் கார்க்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

“மிஸ், இவ பையைக் கொஞ்சம் பாக்கணும். பாஸ்போர்ட்டைக் காணோம், வீட்டையே கவுத்துப் போட்டுட்டேன். பதினோரு மணிக்குள்ள ஏர்போர்ட்ல இல்லைன்னா எல்லாம் போச்சு மிஸ்!”

குண்டூசி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். முகத்தில் துளிக்கூடப் பயமில்லை. அதான் மிஸ் இருக்கிறேனே!

பெட்டியை இறக்கினேன். பல், பம்பரம், பேனா, பொம்மை எல்லாவற்றையும் விலக்கி, அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? என்றாலும் என் கை கூசியது.

அம்மா மகளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். “அடிப்பாவி, ஏண்டி இப்படிப் பண்ணினே? அம்மா சீக்கிரம் வந்துடறேன்டி செல்லம், சீக்கிரம் வந்துடறேன்.” ஹாரன் நீளமாக அடித்தது. வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

குண்டூசி அழவில்லை. தூக்கிச் சமாதானம் செய்ய நான் முட்டிபோட்டுக் கைகளை விரித்திருந்தேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அந்த வாரம் அவள் காகிதத்தைத் தொடவேயில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து அவரவர் பொருளை வாங்கிக்கொண்டார்கள். கடைசியாகக் குண்டூசி வந்து கையை நீட்டினாள்.

“உன்னோடதைத்தான் அன்னிக்கே அம்மாகிட்ட...” என்று இழுத்தேன்.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கையைவிட்டு மூலையெல்லாம் தடவினாள். “இன்னிக்குத்தானே மிஸ் வெள்ளிக்கிழமை?” என்றாள்.

“ஆமாம்டி. மிஸ் சொன்ன சொல்லைக் காப்பாத்தலை. தப்புதான்.”

அவள் பெட்டியை அழுத்தி மூடினாள். பேச்சை மாற்ற நினைத்து, “அடுத்த வாரம் ‘ம’. நீ என்ன கொண்டுவரப் போறே?” என்று கேட்டேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கொண்டு வருவேன். ஆனா பெட்டியில போட மாட்டேன் மிஸ். என் கையிலயே வெச்சுக்கறேன்.”