முயல் இல்லாத அலமாரி

சிறுத்தையின் வாலைப் பிடித்துத் தூக்கி அழுக்குத்துணிக் கூடைக்குள் போட்டார் பெரியவர். அதன் மேல் ஓநாய் விழுந்தது. ஓநாயின் மேல் கழுதைப்புலி.

"என்ன மாமா பண்றீங்க?"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்தவள் கையில் ஒரு சட்டை இருந்தது. விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோன கணவருக்குப் போட, கிரீஸ் கறையில்லாத சட்டை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் அதற்கு எங்கே போவது?

"ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிடுச்சும்மா. கம்பெனியிலேருந்து மேனேஜரே வர்றாராம். உள்ள நுழைஞ்சதும் இதுதானே கண்ணுல படும்?" என்றார் கணவரின் அண்ணன்.

நுழைந்ததும் வரும் குறுகலான நடையில் சுவரோடு நின்றது அந்தக் கண்ணாடி அலமாரி. உள்ளங்கைக்குள் அடங்கும் பொம்மை மிருகங்கள். எல்லாம் இறைச்சி தின்னும் குலம். ரோமத்தின் கீறல், ஈறின் சிவப்பு வரை அசல் போலவே இருக்கும். சிங்கத்தைவிடப் பெரிய நரி வந்துவிட்டால், அளவு தப்பு என்று கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவார் கணவர்.

"கண்ணுல பட்டா என்ன?"

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "குழந்தை குட்டி இல்லாத வீடு. இங்க அலமாரி நிறைய பொம்மை இருந்தா நாலு பேர் நாலு விதமா பேச மாட்டாங்களா? போனவனுக்கு அது மரியாதையா?"

இந்தப் பெரியவரின் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிய ஓநாயில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பல்லைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழ, "பிள்ளை இருந்தா தெரியும், எதை வாங்கணும்னு" என்று ஓரகத்தி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஓநாயை மடியில் வைத்துக்கொண்டு வந்த கணவர், இறங்கும்போது சொன்னார்: "பல்லு எவ்வளவு கரெக்டா இருக்கு பாரு."

அதற்காக அவள் இந்த அலமாரியின் கட்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். "உங்க மிருகத்துக்கெல்லாம் தூசி தட்டவா கட்டிக்கிட்டு வந்தேன்?" என்று அலமாரி வந்த நாளிலிருந்து சண்டை போட்டவள்தான். ஆனால் அது அவள் சண்டை. அதற்குப் பங்குக்கு ஆள் சேர்த்ததில்லை.

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவர் கையிலிருந்த கூடையை வாங்கினாள். தரையில் கவிழ்த்தாள்.

"என்னம்மா இது?"

"நீங்க போய் நாற்காலி வாங்கிட்டு வாங்க மாமா. அதான் இப்ப வேணும்."

உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கழுதைப்புலி மேல்தட்டில், பூனைப் பக்கம். பார்த்தால் நாய் மாதிரிதான் இருக்கும், சொந்தம் மட்டும் பூனையோடு. கீரியும் அங்கேதான். கீழ்த்தட்டில் நாய், நரி, கரடி, நீர்நாய். கடல்சிங்கம் கையில் வந்ததும் ஒரு கணம் நின்றாள். 'மீனை எதுக்குக் கரடி பக்கத்துல வைக்கிறீங்க?' என்று ஒரு நாள் கேட்டிருக்கிறாள். 'மீனா? கரடிக்குப் பங்காளிடி அது!' என்று விழுந்து விழுந்து சிரித்தார். பாண்டாவுக்கும் ஒரு ரகளை நடந்தது. 'மூங்கில் தின்றதுக்கு இங்க என்ன வேலை?' என்றதற்கு, 'சாப்பாட்டை மாத்திக்கிட்டா சொந்தம் விட்டுப்போயிடுமா?' என்றார்.

எதற்கு எது பக்கம் என்று கை தானாகப் போயிற்று. இவ்வளவும் எப்போது மண்டையில் ஏறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசிப் பூனையை அவள் நிறுத்தும்போது வாசலில் வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மடக்கு ஸ்ட்ரெச்சரில் கணவரைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். கறைச் சட்டையையே போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் மேனேஜர் வந்தார். பின்னால் சீருடையில் மெக்கானிக்குகள். நடையில் மேனேஜரின் கால் நின்றுவிட்டது. அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

பெரியவர் முந்திக்கொண்டார். "பக்கத்து வீட்டுப் பசங்களோடது சார். இங்க விளையாட வருவாங்க."

கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது. "இல்ல சார். அவரோடதுதான். எல்லாம் அவரே தேடித் தேடிச் சேர்த்தது."

மாடி வீட்டம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி முணுமுணுத்தாள்: "பாவம், பிள்ளை இல்லாத ஏக்கம். மனுஷன் எதைத்தான் பார்த்து ஆத்திக்குவாரு?"

இத்தனை வருஷம் கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும் கேட்ட அதே 'பாவம்'. அப்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். கணவர் பேச்சை மாற்றுவார். இன்று பேச்சை மாற்ற ஆளில்லை.

எழுந்து நின்றாள்.

"ஏக்கமா இருந்தா முயலும் வாத்தும் வாங்கியிருப்பாரும்மா. நல்லாப் பாருங்க, அது புலி. அவருக்குப் புலி பிடிச்சுது, வாங்கினாரு. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அது வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

மெக்கானிக் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு, அவசரமாக இருமினான். ஓரகத்தி தரையைப் பார்த்தாள். மேனேஜர் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போய்க் குனிந்து, "கழுதைப்புலி ஏம்மா இந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அது பூனைச் சொந்தம் சார்."

கிளம்பும் நேரத்தில்தான் அடுத்த வம்பு வந்தது. மரப்பெட்டி, வந்த ஸ்ட்ரெச்சரைவிட அகலம். வெறும் பெட்டியை ஒருக்களித்து உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்; இப்போது அதற்குள் அவர் இருக்கிறார். பெரியவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"இப்பவாவது கேளு. அலமாரியை எடுத்து வெளிய வைக்கச் சொல்லு. பெட்டி போகாது."

"அலமாரி நகராது மாமா."

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமா? போறவனை இடிச்சுக்கிட்டா கொண்டுபோக முடியும்?"

அவள் தலைமை மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் நடையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்தார். "நாங்க கொண்டுபோறோம்மா. இதைவிடச் சந்துல மோட்டாரே ஏத்தியிருக்கோம், அண்ணன் இருந்தப்போ அவரும் நாங்களுமா" என்றார்.

பெட்டிக்கு அடியில் தூக்குவதற்குப் பட்டை கொடுத்தார்கள். பக்கவாட்டில் ஆள் நிற்க இடமில்லை. முன்னால் இருவர், பின்னால் இருவர். "தலைப் பக்கம் தூக்கு... போதும். கொஞ்சம் சாய்ச்சுக்க. கண்ணாடி, கண்ணாடி! மூச்சைப் பிடிச்சுக்கடா." வேலை நேரத்துக் குரல்கள். மேனேஜர் தொப்பையை எக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

பெட்டி புலியைக் கடந்தது. கரடியைக் கடந்தது. அலமாரி ஒரு முறை கிர்ரென்று அதிர்ந்து அடங்கியது.

"ஒரு விரல் இடம் மிச்சம்மா" என்று வாசலிலிருந்து கத்தினார் தலைமை மெக்கானிக்.

எல்லோரும் பின்னாலேயே இறங்கினார்கள். கண்ணாடியில், யாரோ ஒருவரின் வியர்த்த தோள் உரசிய தடம் நீளமாக இருந்தது. அவள் வாயால் ஊதி, முன்கையால் அதை அழுத்தித் துடைத்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளிச்சத்தில் தடம் போய்விட்டதா என்று பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.