நான் அனுப்பிய முகவரி

நாற்பத்தாறு வயதில் எனக்கு இணையதளம் செய்யக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் வேறு ஊரில், ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பில் போட்டுக்கொண்டிருந்த அச்சகத்தை முதலாளி விற்றுவிட்டுப் போய்விட்டார். காலையில் தண்ணீர் கேன் போடுகிறவர் "வச்சிட்டேன்!" என்று கத்திவிட்டுப் படியிறங்குவார். அதோடு அன்றைக்குக் கேட்கிற மனிதக் குரல் முடிந்தது.

பாடம் நடத்தும் மாஸ்டரையும் கணக்கில் சேர்த்தால் இரண்டு குரல். ஆனால் அவர் எப்போதோ பேசிப் பதிவு செய்துவைத்த வீடியோ. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பார், கொஞ்சம் நிறுத்துவார், பிறகு "சூப்பர்!" என்பார். புரியாவிட்டாலும் சூப்பர்தான். முதலில் எரிச்சலாக வந்தது. போகப் போக நானும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "புரியலை மாஸ்டர், தலைபோற அவசரமா உங்களுக்கு?" என்பேன். "சூப்பர்!" என்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனுஷன் கேள்வி கேட்கும் இடம் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

முதல் பாடமே என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்க வேண்டாம், யாரோ செய்துவைத்த மாதிரிச் செயலி ஒன்றை இறக்கி நம் கணினியிலேயே ஓடவிடலாம், பிறகு அதில் நமக்கு வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம் என்றார் மாஸ்டர். கேட்பதற்கு, வெள்ளையடித்த வீட்டுக்குக் குடிபோவது போலத்தான் இருந்தது. செய்யப் போனால் கருப்புத் திரை ஒன்று திறந்துகொண்டது. அதில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். நான் தட்டியதற்கெல்லாம் சிவப்பு எழுத்தில் திட்டு விழுந்தது. ஃபோல்டருக்கு இரண்டு வார்த்தையில் அழகாகப் பெயர் வைத்திருந்தேன். நடுவில் இடைவெளி இருந்தால் அதற்கு ஆகாதாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு பகல் போனது. பெயரை மாற்றிவிட்டு மறுபடி தட்டினால், கேட்ட கோப்பு இல்லை என்றது. நான் இருக்கிறது என்றேன். அது இல்லை என்றது. சமையலறையில் இருப்பதைக் குளியலறையில் நின்றுகொண்டு தேடினால் எப்படிக் கிடைக்கும்? வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டு நான்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு நாள் மதியம், கட்டளையைத் தட்டியதும் வரி வரியாக ஓட ஆரம்பித்தது. என்னென்னவோ இறங்கியது. ஒரு பக்கம் செய்வதற்கு இத்தனை சாமானா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி முடிந்ததும் கீழே ஒரு முகவரி வந்தது. லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி மூவாயிரம் என்ற எண்ணில் முடிந்தது. அதை எடுத்து உலாவியில் போட்டேன்.

ராக்கெட் ஒன்று வந்தது. அதற்குக் கீழே, உங்கள் செயலி ஓடுகிறது, வாழ்த்துகள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே ஒரு பட்டன், அமுக்க அமுக்க எண்ணிக்கை ஏறியது. விரல் வலிக்கும் வரை அமுக்கினேன். உலகத்தில் பாதிப் பேர் இதே ராக்கெட்டோடுதான் ஆரம்பிக்கிறார்கள் என்று மாஸ்டர் சொன்னார். இருக்கட்டுமே, என் வீட்டுக்கு வந்தது என் ராக்கெட்.

அடுத்து, முகப்புப் பக்கத்தின் கோப்பைத் திறந்து அதில் இருப்பதை அழித்துவிட்டு உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள் என்றார். ராக்கெட்டைத் தூக்கினேன், பட்டனையும் தூக்கினேன். காலிப் பக்கம் என்னைப் பார்த்தபடி நின்றது.

என் வீட்டுக்காரர் முன்பெல்லாம் மாதம் தவறாமல் வந்துவிடுவார். அரை வருஷமாக வரவில்லை. லீவு இல்லை என்பார், ஆடிட் என்பார், சரக்கு வருகிறது என்பார். தினமும் போன் மட்டும் வரும். "சாப்பிட்டியா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு. வைக்கட்டா?" இதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. என்மேல் சலிப்பு வந்துவிட்டதோ, அங்கே வேறு யாராவது இருக்கிறார்களோ என்று நான் நினைக்காத நாள் இல்லை. கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

வாயால் வராததைக் கை எழுதிவிட்டது. "தனியா இருக்க முடியலைங்க. ஒரு தடவை வந்துட்டுப் போங்க." எழுத்தைப் பெரிதாக்கி நடுவில் வைத்தேன். பக்கத்தில் அது வந்து நின்றதும் என் கண்ணுக்கே கூச்சமாக இருந்தது. மனசு மாறுவதற்குள் அந்த முகவரியை எடுத்து அவருக்கு அனுப்பினேன். "நானே செஞ்சது. திறந்து பாருங்க" என்று கூடவே எழுதினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. "பார்த்தேன். ரொம்ப அழகா இருக்கு. சபாஷ்." பக்கத்தில் தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்று.

வாசலில் நின்று அழுகிறவளைப் பார்த்து, சேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவது போல இருந்தது எனக்கு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வந்துவிடுங்கள் என்று கெஞ்சியவளுக்கு ஒரு கட்டைவிரல்! நான் பயந்தது நிஜம்தான், நான் அவருக்கு வேண்டாதவளாகிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். அன்றும் மறுநாளும் அவர் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள், வீடு மிகவும் அமைதியாக இருந்ததால் மட்டும் இரண்டாம் பாடத்தைத் திறந்தேன். மாஸ்டர் வழக்கம்போல் உற்சாகமாக ஆரம்பித்தார். "போன பாடத்துல பார்த்த முகவரி உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் வேலை செய்யும். ஃப்ரெண்டுக்கு அனுப்பிட்டு, ஏன் திறக்கலைன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. புரிஞ்சுதா?"

அவர் சூப்பர் சொல்வதற்குள் வீடியோவை நிறுத்தினேன்.

அப்படியென்றால் அவர் பார்க்கவே இல்லை. நான் கெஞ்சியது அவருக்குத் தெரியவே தெரியாது. முதலில் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்தது போல இருந்தது. அடுத்த நிமிஷமே கோபம் தலைக்கேறியது. பார்த்தேன் என்றாரே, எதைப் பார்த்தார்? பகல் பதினொரு மணி, ஸ்டோரில் வேலை நேரம். இருந்தாலும் கூப்பிட்டேன்.

"என்னம்மா, ரெண்டு நாளா போனே எடுக்கலை? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நான் அனுப்பின பக்கத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. நல்லா இருக்குன்னு சொன்னேனே."

"என்ன இருந்துது அதுல?"

இப்போது திணறுவார் என்று காத்திருந்தேன். அவர் திணறவில்லை.

"ராக்கெட் படம். கீழ ஒரு பட்டன். அமுக்க அமுக்க நம்பர் ஏறுச்சு. நாலஞ்சு தடவை அமுக்கிப் பார்த்தேன். நல்லா பண்ணியிருக்கே."

புளுகுகிறவர் பூ இருந்தது, உன் பேர் இருந்தது என்று எதையாவது சொல்வார். ஒற்றை விரலால் மெசேஜ் தட்டுகிற மனிதருக்கு ராக்கெட் என்று எப்படி வாயில் வரும்?

"அந்த ராக்கெட்டை எடுத்துட்டுத்தாங்க உங்களுக்கு அனுப்பினேன்."

ஸ்டோரிலிருந்து பேசினால் பெட்டி இறக்கும் சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்கும். இப்போது மின்விசிறி ஒன்று கிறீச்சிடுவது மட்டுமே கேட்டது.

"நீங்களும் இதைக் கத்துக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"ம்."

"ஸ்டோர்ல உக்காந்துக்கிட்டா?"

"ஸ்டோர் இல்லைம்மா. மூடிட்டாங்க. அஞ்சு மாசம் ஆகப்போகுது."

"பணம் அனுப்பிக்கிட்டேதானே இருந்தீங்க?"

"மூடும்போது கொடுத்தாங்க. அதுலேருந்துதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. மண்டையில் மூளை இருக்கிறதா, வேலை போனால் வீடும் போய்விடுமா, உங்களுக்கு வேறு ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று நான் இங்கே செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேனே என்றெல்லாம் கத்தினேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"ஒரு வேலையோட வந்து நிக்கணும்னு பார்த்தேன். கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா கிடைக்கும்னாங்க. பாடமெல்லாம் முடிச்சுட்டேன். யாரும் கூப்பிடலை."

"பாடம் முடிச்சவருக்கு அந்த முகவரி திறக்காதுன்னு தெரியாதா?"

"பார்த்ததுமே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏங்க பார்த்தேன்னு பொய் சொன்னீங்க? திறக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"எனக்கு அந்த ராக்கெட் வந்தப்ப யாருக்காவது காட்டணும்போல இருந்துது. உனக்குக் காட்டினா எல்லாம் தெரிஞ்சுடும். ரூம்ல வேற யாரும் இல்லை. அப்படியே மூடி வச்சுட்டுப் படுத்துட்டேன். நீ அனுப்பினதும் அந்த ஞாபகம் வந்துடுச்சு. உனக்காவது ஒரு ஆள் பார்த்தேன்னு சொல்லட்டுமேன்னுதான்."

அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை. அழுதேன். நான் இங்கே வீடியோவோடு பேசிக்கொண்டிருந்த நாளெல்லாம், இந்த மனுஷன் அங்கே ஒரு அறைக்குள் வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறார். ஒருவருக்கொருவர் பாரமாக இருக்கக் கூடாதென்று நினைத்தே இரண்டு பேரும் இப்படி ஆகிவிட்டோம்.

"ராக்கெட்டை எடுத்துட்டு என்னதான் எழுதியிருந்தே?" என்று கேட்டார்.

படித்துக் காட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் மனசை மாற்றிக்கொண்டேன்.

"அது இந்த வீட்டுல மட்டும்தான் திறக்கும். வந்து பாருங்க."

"வேலையில்லாம எப்படிம்மா வர்றது?"

"அதுல வேலையைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதலைங்க."