ஜோவலின் கொடுத்த ஒரு மாத நோட்டீஸ்

ரூஃபினா எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும். ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்கு வரும் பிலிப்பினோ பெண்களை ஏய்க்க வெளியாள் யாரும் வேண்டியதில்லை. எங்கள் பாஷை பேசி, எங்களோடு சேர்ந்து பூசைக்கு வந்து, எங்கள் தட்டிலேயே சாப்பிடுகிற ஒருத்தி போதும். மோங்காக் பகுதியில் மூன்றாம் மாடியில் வீட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சி ஒன்று. அங்கே அவளுக்கு ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவளுடைய நடையே மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரல் மேம்பாலத்துக்கு அடியில் நாங்கள் அட்டை விரித்து உட்காரும் இடத்துக்கு வருவாள். உட்கார மாட்டாள், பாவாடை கசங்கிவிடுமாம். நின்றபடியே, புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு உபதேசம் செய்வாள்.

"ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். நடுவுல வேலையை விட்டா கருப்புப் பட்டியல்ல போட்டுடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் இந்த ஊருக்குள்ள கால் வைக்க முடியாது. வீட்டம்மா கேஸ் போட்டா ஜெயிலு. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பாவப்பட்ட பெண்கள் வாய் பிளந்து கேட்பார்கள். நான் அடோபோக் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டு அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே அகலமான ஒரு வளையல் போட்டிருப்பாள். அதற்கடியில் சூடுபட்ட தழும்பு. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு வேலை பார்த்த வீட்டில், சூப்பில் உப்பு கூடிவிட்டதென்று வீட்டம்மா கொதிக்கக் கொதிக்க அதை அவள் கையில் ஊற்றினாள். ரூஃபினா செருப்புகூடப் போடாமல் ஹாங்காங்கிலேயே ஜோர்டான் என்ற பகுதியில் இருந்த மாதாகோவில் விடுதிக்கு ஓடிவந்தாள். அப்போது நானும் அங்கேதான் தங்கியிருந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில். ஒப்பந்தம் முடியாமல் வந்துவிட்டேனே, ஜெயிலில் போடுவார்களா என்று என் தோளில் விழுந்து அழுதாள். அடித்துக் கொடுமைப்படுத்தினால் நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் விலகலாம், மற்றபடி ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்தால் யாரும் யாரையும் பிடித்துவைக்க முடியாது என்று விடுதிக் கன்னியாஸ்திரி எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு நினைவிருக்கிறது. ரூஃபினாவுக்கு மறந்துவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு மறப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

ஜோவலின் ஒரு மழைக்காலத்தில் எங்கள் அட்டைக்கு வந்து சேர்ந்தாள். பிலிப்பைன்ஸில் இலோயிலோ பக்கத்துப் பெண், இருபத்து நாலு வயது. அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கருவாட்டு வாசம் அடித்தது. குளித்துவிட்டுத்தான் வந்தாளாம். தோலுக்குள்ளேயே இறங்கிவிட்ட வாசம் அது.

"குழந்தையைப் பார்த்துக்கன்னுதான் கூட்டிட்டு வந்தாங்கக்கா," என்றாள். "பள்ளிக்கூடத்துல விட்டதும் வீட்டம்மா என்னை அவங்க அண்ணன் கடைக்கு அனுப்பிடறாங்க. ஷியுங்வான்ல கருவாட்டுக் கடை. மூட்டை தூக்கணும், இறால் பிரிக்கணும், தரை கழுவணும். சாயந்திரம் குழந்தையைக் கூட்டிட்டு வந்தா வீட்டு வேலை அப்படியே கிடக்கு."

கையை நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது.

"ஏஜென்சில சொன்னியா?"

"சொன்னேன்க்கா. ரூஃபினா அக்கா என்னைத்தான் திட்டினாங்க. வேற இடத்துல வேலை செஞ்சது என் தப்பாம். வெளிய சொன்னா முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்களாம். பாஸ்போர்ட்டும் அவங்ககிட்டதான் இருக்கு. பத்திரமா வச்சிருக்காங்களாம்."

பத்திரம்! கோழியை நரி பத்திரமாக வைத்திருக்குமாம்.

"உனக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா? அதை முதல்ல சொல்லு," என்றேன்.

விரல் வெடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "வேண்டாம்க்கா. ஆனா ஜெயிலுக்குப் போக பயமா இருக்கு," என்றாள்.

"வேலையை விடறதுக்கெல்லாம் ஜெயில்னா, இந்தப் பாலத்துக்கடியில ஒருத்தி இருக்க மாட்டா. ரெண்டு வரி எழுது. இன்னியிலேர்ந்து ஒரு மாசத்துல நின்னுக்கறேன்னு. கையெழுத்துப் போட்டு வீட்டம்மா கையில கொடு. கொடுக்கறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்துக்க. அவ்வளவுதான்."

மூன்று நாள் அந்தக் காகிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாளாம். நாலாம் நாள் கொடுத்துவிட்டாள். வீட்டம்மா, பெயர் திருமதி லாவ், அதைப் படித்துவிட்டு ஜோவலினிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நேராக ரூஃபினாவுக்கு போன் போட்டாள். கடையில் வாங்கிய சாமான் பழுதென்றால் கடைக்காரனைத்தானே கூப்பிடுவார்கள், அந்தக் கணக்கு. அன்று முழுக்க ரூஃபினா ஜோவலினுக்கு போன் மேல் போன். உன் அம்மாவுக்குச் சொல்லிவிடுவேன், உன் தம்பிக்கும் இனி எந்த நாட்டிலும் வேலை கிடைக்காது, காகிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போடு.

ஞாயிறன்று நான் ஜோவலினைக் கூட்டிக்கொண்டு மோங்காக் போனேன். எங்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் விடுமுறை நாள் என்பதால் அன்றுதான் அங்கே கூட்டம். கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள் ஒரே மாதிரி சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பொம்மைக் குழந்தை ஒன்றுக்குத் துணி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆள் எடுக்க வந்த ரெண்டு சீனத் தம்பதிகள் காய்கறி பார்ப்பதுபோல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரூஃபினா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "அடடே, பெத்ரா! வக்கீலம்மா எப்ப ஆனே?"

"இவ பாஸ்போர்ட்டைக் கொடு. போயிட்டே இருக்கேன்."

"அது ஏஜென்சி விஷயம். வேலையை முடிச்சா கொடுப்போம். பாதில ஓடறவளுக்கு எப்படிக் கொடுக்கறது?"

"ஓடலை. நோட்டீஸ் கொடுத்திருக்கா. நீதான் ஒரு காலத்துல நோட்டீஸ் கூடக் கொடுக்காம ஓடிவந்தே. வெறுங்காலோட."

வரிசையில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரூஃபினாவின் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு கணமாவது தலை குனிவாள் என்று நினைத்தேன். மனுஷி என்றால் அப்படித்தானே? அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "ஆமா, ஓடிவந்தேன். அதுக்கென்ன இப்போ?" என்றாள். "அப்ப நான் பக்கெட் தூக்கினேன். இப்ப மேசைல உக்காந்திருக்கேன். நீ இன்னும் பக்கெட் தூக்கறே. உன் பேச்சைக் கேட்டா இவளும் சாகற வரைக்கும் தூக்குவா."

வெட்கமே இல்லாதவளிடம் எதைச் சொல்லி வெட்கப்பட வைப்பது?

அப்போதுதான் ஜோவலின் போனை எடுத்தாள். அவள் அதைச் செய்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. எண்ணை அழுத்தி, உடைந்த இங்கிலீஷில், "போலீஸா? என் பாஸ்போர்ட்டை இங்க வச்சுக்கிட்டு தர மாட்டேங்கறாங்க," என்று சொல்லி முகவரியையும் சொல்லிவிட்டாள்.

ரூஃபினா கைகொட்டிச் சிரித்தாள். "கூப்பிடு, கூப்பிடு. போலீஸுக்கு வேற வேலையில்ல பாரு, கருவாட்டுக்காரிக்கு ஓடி வர்றதுக்கு!"

வந்தார்கள். ரெண்டு இளவட்டங்கள். அவர்களுக்கும் இது பெரிய விஷயமில்லை. மின்தூக்கியிலிருந்து வெளியே வரும்போதே ஒருவன் கொட்டாவி விட்டான். "யாரோட பாஸ்போர்ட்?" என்று கேட்டான். ஜோவலின் கையைத் தூக்கினாள். "அது யார்கிட்ட இருக்கு?"

அவன் அந்தக் கேள்வியை முடிப்பதற்குள் ரூஃபினாவின் இழுப்பறை திறந்துவிட்டது. எழுந்து நின்றாள். குரலில் தேன் வழிந்தது. "சார், தொலைச்சிடப் போறான்னு நாங்கதான் பத்திரமா வச்சிருந்தோம். அவ கேட்கவே இல்ல சார். கேட்டிருந்தா அப்பவே கொடுத்திருப்போம்." இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள், பூசையில் காணிக்கை கொடுப்பதுபோல.

எங்களிடம் புலியாகப் பாய்ந்தவள் கொட்டாவி விட்ட ஒரு பையனுக்கு முன்னால் வாலைக் குழைத்தாள். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூடப் போய்விட்டது. காலில் ஒட்டிய சேற்றைப் பார்த்து யாராவது கோபப்படுவார்களா? போலீஸ்காரர்கள் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி, முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஊரில் எங்களுக்குக் கிடைக்கும் நியாயம் அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு மாதம் இருந்ததே! அதே வீட்டில், அதே அம்மாவோடு. திருமதி லாவ் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதை ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லி, குழந்தை வந்து ஜோவலினிடம் சொல்லும். ஒரு நாள் குழந்தை, "நீ திருடியா?" என்று கேட்டதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதாள்.

ஆனால் கருவாட்டுக் கடைக்குப் போகவில்லை. பாஸ்போர்ட் வாங்கிய மறுநாள் காலையில் அம்மா கடைச் சாவியை நீட்டியபோது ஜோவலின் கையை நீட்டவில்லை. "ஒப்பந்தத்துல இந்த வீட்டு முகவரிதான் இருக்கும்மா," என்று மட்டும் சொன்னாளாம். அம்மா சாவியை மேசையில் வீசிவிட்டுப் போனாள்.

கடைசி வாரம், ஒப்பந்தப்படி வீட்டம்மா எடுத்துத் தர வேண்டிய விமான டிக்கெட் வந்தது. மணிலா வரைக்கும்தான். அங்கிருந்து இலோயிலோவுக்குக் கடல் தாண்ட வேண்டும். அம்மாவுக்கு அது தெரியாமலில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம், "எப்படியும் எல்லாம் ஒரே தீவுதானே," என்று சொல்லிச் சிரித்ததை ஜோவலின் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறாள். அவள் என்னிடம் போனில் கேட்கக்கூட இல்லை. நேராகப் போய், "என் வீடு மணிலாவுல இல்லம்மா. எந்த ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்தீங்களோ அந்த ஊருக்குத்தான் டிக்கெட்டு. இல்லன்னா தொழிலாளர் அலுவலகத்துல போய்க் கேட்டுக்கறேன்," என்றாள். மறுநாள் வேறு டிக்கெட் வந்தது. மணிலா விமான நிலையத்தில் பெஞ்சில் படுத்து விடிய விடியக் காத்திருக்க வேண்டிய டிக்கெட். அதற்கு மேல் தர அம்மாவுக்கு மனசு வரவில்லை. போகட்டும். ஜோவலின் வீடு போய்ச் சேர்ந்தாள்.

அன்று ஏஜென்சியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் மூன்று பேர், வேலைக்குச் சேர்ந்த பிறகு, மேம்பாலத்தடியில் என்னைத் தேடி வந்தார்கள். தங்கள் பாஸ்போர்ட்டும் ரூஃபினாவிடம்தான் இருக்கிறதாம். நான் கூடப் போகவில்லை. அவர்களே போய்க் கேட்டு, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். போலீஸ் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் ரூஃபினாவை மாதாகோவில் வாசலில் பார்த்தேன். வழியை மறித்தாள்.

"என் பொழப்பைக் கெடுக்கறதுல உனக்கு என்னடி கிடைச்சுது? அந்த இலோயிலோக்காரி உனக்கு என்ன அள்ளிக் கொடுத்தா? இன்னும் அந்த நார்த்பாயிண்ட் வீட்ல வேலைக்கு நின்னு, படுத்த படுக்கையா கிடக்கற கிழவனுக்குக் கழுவிட்டுதானே இருக்கே?"

"ஆமா, கழுவறேன். கிழவன் நன்றின்னு சொல்றான். உனக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?"

நான் விலகி உள்ளே போனேன். அவளும் உள்ளே வந்து முதல் வரிசையில் மண்டியிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஜெபம் சொன்னாள்.

ஜோவலின் அடுத்த வருஷம் வேறு ஏஜென்சி மூலமாகத் திரும்பி வந்தாள். எந்தக் கருப்புப் பட்டியலும் அவளைத் தடுக்கவில்லை. இப்போது தைபோவில் ஒரு வீட்டில் இருக்கிறாள். புது வீட்டம்மாவும் லேசுப்பட்டவள் இல்லையாம். சோற்றை அளந்துதான் போடுகிறாளாம். போன ஞாயிறு முழுக்க ஜோவலின் எங்கள் அட்டையில் உட்கார்ந்து அவளைத் திட்டித் தீர்த்தாள். கருவாட்டுக் கடையில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பெண்ணுக்கு வாயே கிடையாது. இப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லை.