ஊடுகாற்றுக்குப் பயந்த வீடு

திகோமிர் கையில் கொஞ்சம் பசையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கிடைத்துவிட்டால் வீட்டில் ஒரு சாமான் தப்பாது. ஃப்ரிட்ஜுக்குக் கைப்பிடி அவருடைய பழைய இடுப்பு பெல்ட். ஒழுகும் குழாய்க்கு சைக்கிள் டியூப். எல்லாம் வேலை செய்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. அவர் மனைவி வூகித்சாவுக்குத்தான் அலுத்துப்போய்விட்டது. ஒட்டுப்போடாத பொருள் ஒன்றைத் தொட்டு எத்தனை காலமாயிற்று!

இந்தக் குளிர்காலத்தில் ஜன்னல்கள் அவர் கையில் மாட்டிக்கொண்டன. சயெச்சார் ஊரில் பிறந்த யாரையும் போல அவருக்கும் பேயைவிட ஊடுகாற்றிடம்தான் பயம். வீட்டுக்குள் எதிரெதிரே இரண்டு சந்து இருந்தால் போதும், நடுவில் பாய்கிற காற்று கழுத்தைப் பிடிக்கும், வாயைக் கோணவைக்கும். வூகித்சாவும் அப்படி நம்பி வளர்ந்தவள்தான். பழைய கம்பளிக் கோட்டை நாடா நாடாவாகக் கிழித்து ஜன்னல் சட்டங்களில் ஒட்டினார். அதற்கு மேல் மாவுப் பசையில் காகிதம். கடைசியில் விறகடுப்புக்குப் பின்னால் சுவரில் இருந்த காற்றோட்ட ஓட்டையிலும் கந்தலைத் திணித்து, சிமெண்டைப் பூசிவிட்டார்.

அதற்கப்புறம்தான் வூகித்சாவுக்குத் தலை பாரமாகத் தொடங்கியது. கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. “பாத்தியா, இன்னும் எங்கியோ சந்து இருக்கு” என்று மெழுகுவர்த்தியோடு சுவரோரமாகச் சுற்றினார் திகோமிர். சுடர் ஆடிய இடமெல்லாம் ஒட்டினார். தலைவலி கூடக்கூட ஒட்டுவதும் கூடியது. கைவைத்தியமாக, பிராந்தியில் ஊறிய உருளைக்கிழங்கு வில்லைகளை அவள் நெற்றியில் வைத்துத் துணியால் கட்டிவிட்டார். பாசமாகத்தான் செய்தார், மனுஷன். அதனாலேயே அவளால் திட்டவும் முடியவில்லை.

நடுவில் மகள் வீட்டில் போய் இருந்துவிட்டு வந்தாள். அங்கே தலைவலி போன இடம் தெரியவில்லை. திரும்பி வந்து அடுப்பு மூட்டியதும் பழையபடி ஆரம்பித்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

“ஏய்யா, இது ஊடுகாத்து இல்ல. அடுப்பு. அந்த ஓட்டைய நீ அடைச்சதுதான் வினை. கொத்தி எடு. இல்லன்னா ஒருநாள் ரெண்டு பேரும் படுத்த படுக்கையிலயே போயிடுவோம்.”

“புகை எங்கடி இருக்கு? கண்ணு எரியுதா?”

“எரியாது. வாசமே இல்லாம ஆளக் கொல்லும்னு டிவியில சொல்றான்.”

“கழுத்து பிடிச்சுக்கிட்டா டிவிக்காரன் வந்து தைலம் தேய்ப்பானா?”

“நேத்து சந்தையில ரொம்ப நேரம் காத்துல நின்னேன். தலை லேசாத்தான் இருந்துச்சு.”

“கிறுக்கி, வெளியில அடிச்சா அது வெறுங்காத்து. வீட்டுக்குள்ள வந்தாத்தான் ஊடுகாத்து!”

இதற்கு மேல் என்னத்தைப் பேசுவது? சண்டை போடவும் தெம்பில்லை. அவித்த பீன்ஸைப் பேருக்குத் தின்றார்கள். அவளுக்குக் குளிரும் என்று அடுப்பில் இன்னும் இரண்டு கட்டையைச் செருகிவிட்டு அவர் சோபாவில் சாய்ந்தார்.

தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு முழங்கால் மடங்கியது. “திகோமிர்!” என்றாள். பதில் இல்லை. உலுக்கினாள். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது, தலை மட்டும் துவண்டு சரிந்தது. ஐயோ, போய்விட்டாரா?

ஜன்னலை இழுத்தாள். அசையவில்லை. படுபாவி, ஆயுசில் இந்த ஒரு வேலையைத்தான் குறையில்லாமல் செய்திருந்தார்! நகம் பிய்ந்தது. ஊர்ந்துபோய் இரும்பு வாணலியை எடுத்துவந்து கண்ணாடியை அடித்து நொறுக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வாசல் கதவையும் விரியத் திறந்தாள். தண்ணீர் வாளியை அடுப்பில் கவிழ்த்தாள். பனிக்காற்று ஜன்னலில் புகுந்து வாசல் வழியாகப் பாய்ந்தது.

வெகுநேரம் கழித்து அவர் இருமினார். அவள் சுவரோரமாகத் தரையில் சரிந்தாள்.

“கதவு… கதவ மூடுடி…”

“மூட மாட்டேன்! செத்திருப்போம்யா!” என்று கத்தினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எனக்கு அலுத்துப்போச்சு. உன் பசையும் வேணாம், ஒட்டும் வேணாம்.”

அவர் வாந்தியெடுத்தார். உடைந்த ஜன்னலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், சிமெண்ட் பூசிய இடத்தைப் பார்த்தார். பிறகு கை தன்போக்கில் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் தாளுக்குப் போனது. அவள் முறைத்தாள். தாளைக் கீழே போட்டார்.

தள்ளாடி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“அங்க என்னய்யா பண்ற?”

“உன் கழுத்துல அடிக்குதுல்ல” என்றார்.

காற்று அவர் பிடரியில் அறைந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்க, அப்படியே உட்கார்ந்திருந்தார்.