ஃபோர்க் பைப்புக்கு ஒரு வளையல்

அரியலூரில் கலைமணியின் லேத் பட்டறைக்குப் போய் ஒரு போல்ட்டை நீட்டினால், மனுஷன் கையில்கூட வாங்க மாட்டார். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "பத்து எம்எம்" என்பார். அளந்தால் பத்துதான் இருக்கும். சட்டைப் பையில் அளவு பார்க்கும் வெர்னியர் கருவி ஒன்று எப்போதும் எட்டிப் பார்க்கும். அது சும்மா அழகுக்கு.

அப்பேர்ப்பட்டவரை ஒரு பழைய வண்டி ஒரு வருஷமாகப் படுத்தி எடுத்தது. மண் ரேஸுக்கென்றே செய்த நாற்பது வயசு பைக். உசரமான மட்கார்டு, முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நெட்டையாக இரண்டு ஃபோர்க் கால்கள். வலது கால் சமர்த்து. இடது கால் மட்டும் எண்ணெய் கக்கிக்கொண்டே இருந்தது. எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை நாலு தடவை மாற்றிவிட்டார். மாற்றிய மூன்றாம் நாளே கசியும். முதலில் சீல் செய்தவனைத் திட்டினார். பிறகு சுண்ணாம்புக்கல் லாரி ஓடிக் குழியான ரோட்டைத் திட்டினார். திட்ட ஆள் தீர்ந்துபோன அன்றைக்குத்தான் அந்த வார்த்தையை விட்டார்.

"நீ பின்னாடி உக்காந்தாதான் கசியுது செல்வி. வெயிட்டு தாங்கல."

அவர் மனைவி வெற்றிச்செல்வி திருவிழாவுக்குத் திருவிழா வளையல் கடை போடுகிறவள். மறுநாளிலிருந்து அவள் வளையல் மூட்டையோடு பஸ் ஏறிவிட்டாள். ஆறு மாசம் ஆயிற்று. வீட்டில் சோறு உண்டு, குழம்பு உண்டு, பேச்சும் உண்டு. பின்சீட்டு மட்டும் காலி. கலைமணிக்கு வண்டி ஓட்டுவதே ருசிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெரம்பலூரில் கூடுகிறார்கள். அவளோடு போய் இறங்க வேண்டும் என்று உள்ளுக்குள் தவியாய்த் தவித்தார். கூப்பிட வாய் வந்தால்தானே! கசிவு நின்றால் கூப்பிடலாம் என்று ஐந்தாவது முறையாக ஃபோர்க்கைக் கழற்றினார்.

வியாழக்கிழமை காலை, இரண்டு கால்களின் பைப்பையும் துடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் புது சீலைப் பிரித்தார். பக்கத்தில் செல்வி அரும்பாவூர் திருவிழாவுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ரெண்டும் ஒரே சைஸா?"

"ரெண்டும் முப்பத்தஞ்சு."

"அளந்தீங்களா?"

கலைமணிக்குச் சுருக்கென்றது. "எங்கிட்டயா கேக்கற? இருபது வருஷமா கண்ணாலேயே அளக்கறவன்டி நானு."

"நான் மட்டும் என்னவாம்? கையப் பாத்துத்தான் வளையல் எடுத்துக் குடுக்கறேன். இடது காலு மெலிஞ்சாப்ல இருக்கு."

சொல்லிவிட்டுக் கைக்குழந்தை வளையல் ஒன்றை எடுத்தாள். வலது பைப்பின் தலையில் வைத்து அழுத்தினாள். இறங்குவேனா என்று முரண்டு பிடித்து நின்றது. அதையே இடது பைப்பில் போட்டாள். சர்ரென்று வழுக்கிப் போய்த் தரையில் ணங்கென்று விழுந்தது.

கலைமணி முதல் தடவையாக வெர்னியரை உருவினார். வலது முப்பத்தைந்து. இடது முப்பத்து நாலு.

அடப்பாவி! இடது பைப்பைப் பிடிக்கிற கிளாம்புக்குள் ஒரு தகரத் துண்டு சுற்றியிருந்தது. வண்டியோடு வந்த ஒரிஜினல் பார்ட் என்று நம்பி, அதை மண்ணெண்ணெயில் கழுவி, பாலிஷ் போட்டு, நாலு தடவையும் பயபக்தியோடு திரும்ப மாட்டியவர் இவர்தான். எவனோ வேறு வண்டிக் காலைச் செருகி, இடைவெளியை அடைக்கத் தகரம் சுற்றியிருக்கிறான். முப்பத்தைந்து சீலுக்குள் முப்பத்து நாலு பைப் நின்றால் எண்ணெய் கசியாமல் என்ன செய்யும்?

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் செல்வி. "ஆறு மாசமா நான் ஏறவே இல்லியே. அப்பவும் கசிஞ்சுதே. அது யாரு வெயிட்டுங்க?"

கலைமணி தகரத்தை உருவி மூலையில் எறிந்தார். "வேற காலு வாங்கறப்ப இதப் போட்டுப் பாருங்க" என்று அவள் வளையலைத் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

பெரம்பலூர் காயலான்கடை அய்யாக்கண்ணு, வளையலும் கையுமாக வந்தவரைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மாமா, இந்த வயசுல வளைகாப்பா?"

"வாய மூடிட்டு ஃபோர்க் காலுங்கள எடுத்துப் போடுடா."

மூன்றாவது காலில் வளையல் முரண்டு பிடித்தது. வெர்னியரும் முப்பத்தைந்து என்றது.

சனிக்கிழமை மாட்டினார். ஹேண்டில்பாரைப் பிடித்து முப்பது தடவை அமுக்கிப் பார்த்தார். சொட்டு எண்ணெய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைத் தெருவில் நிறுத்தி, பின்சீட்டை இரண்டு தடவை துடைத்தார். செல்வி வாசலுக்கு வந்தாள்.

"செல்வி... வெயிட்டு இல்ல. என் கண்ணுதான் தப்பு."

"என்னது? காதுல விழல."

தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மருதாயி, குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் இந்தப் பக்கம் திரும்பினாள். கலைமணி ஒரு தரம் செருமிக்கொண்டார்.

"உன் வெயிட்டு இல்லம்மா! நான் அளக்காம வுட்டதுதான் தப்பு! நீ வராம எனக்கு வண்டியே புடிக்கல, போதுமா?"

"அட, சொல்லிட்டாருடி!" என்று மருதாயி கை கொட்டினாள்.

செல்வி ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்தாள். வண்டி ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. பெரம்பலூர் போய்ச் சேரும்வரை கலைமணி ஒரு தடவைகூடக் குனிந்து ஃபோர்க்கைப் பார்க்கவில்லை.