பாதிப் பெட்டி மருந்து

காலைச் சங்கு ஊதி ஜூடித்தின் புருஷன் ஏனோக் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியிருப்பான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மணியம்மாள் வந்து கதவைத் தட்டினாள். சர்க்கரைக்கோ தீப்பெட்டிக்கோ வருகிற மணியம்மாள் தட்டவே மாட்டாள். "இன்னாடி பண்றே" என்றபடி நேராக அடுப்படி வரைக்கும் வந்து நிற்பாள். அவள் தட்டினால் அது புருஷனுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். ஜூடித்துக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் கதவைத் திறக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு குடு ஜூடித்து. விடியறதுக்கு முன்ன புடிச்சி இழுத்துக்கினு கீது அவருக்கு. ஒதடெல்லாம் நீலம் பாஞ்சி போச்சி. ஞாயித்துக்கெழம பெங்களூருக்குப் போயி வாங்கினதும் திருப்பிடறேன்."

சுரங்கத் தொழிலாளிகளின் வரிசையான லைன் வீடுகளில் கடன் கேட்பதும் கொடுப்பதும் மூச்சு விடுவது மாதிரி. யாரும் கணக்கு வைப்பதில்லை. கணக்கு வைக்கிறவளை லைனில் யாரும் மதிப்பதும் இல்லை. ஆனால் இப்போது மணியம்மாள் கேட்பது ஒரு ஆழாக்கு சர்க்கரை இல்லை. கண்ணாடிக் குப்பியில் சுண்டுவிரல் நகம் நனையும் அளவுக்கு இருக்கிற ஊசி மருந்து. அதுவும் வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே குப்பி.

ஜூடித்தின் மகள் ஐடாவுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிற்று வலி, பேதி என்று போகிற சங்கதி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்ச்சில் யாரோ கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்தவள், வீடு வந்து சேர்வதற்குள் முகம் தெரியாமல் வீங்கிப்போனாள். ஏனோக் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் ஓர் ஊசி போட்டார். போன உயிர் வந்தது. "அடுத்த தடவை இங்கே கொண்டுவரும் வரைக்கும் தாங்காது. இந்த மருந்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்னார். குடையை வைத்துக்கொள்ளுங்கள் என்பது போலத்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவார்கள், மருந்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். ராபர்ட்சன்பேட்டைக் கடையில் அப்படி ஒரு மருந்தின் பேரையே கேட்டதில்லை என்றார்கள். பெங்களூரில் கிடைத்தது, ஆனால் முழுப் பெட்டியாகத்தான் கொடுப்பேன் என்றான் கடைக்காரன். ஏனோக் மாதம் முழுக்க ஓவர்டைம் பார்த்தாலும் ஒரு பெட்டிக்குக் காணாது.

அதே மருந்து மூச்சிழுப்புக்கும் கேட்கும் என்று சொன்னவர் ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிற டிரஸ்ஸர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மணியம்மாளின் புருஷன் காத்தவராயனுக்கு நெஞ்சு முழுக்கக் கல்தூசி. கீழே வேலை பார்க்க லாயக்கில்லை என்று மேலே சுரங்க விளக்குகள் கொடுத்து வாங்கும் அறையில் போட்டிருந்தார்கள். ஆக, இரண்டு வீடும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கின. பாதி இங்கே, பாதி அங்கே. ஊசிக் குழல் மட்டும் ஒன்றுதான், அது மணியம்மாள் வீட்டில் இருந்தது. ஜூடித்துக்கு ஊசியைக் கையில் எடுத்தாலே நடுக்கம். மணியம்மாள் டிரஸ்ஸரிடம் கேட்டு, கத்தரிக்காயில் தண்ணீரைக் குத்திக் குத்திப் பழகியிருந்தாள். அது மட்டுமில்லை, அன்றிலிருந்து தன் சமையலில் வேர்க்கடலையையே நிறுத்திவிட்டாள். அந்தப் பிள்ளை நாள் முழுக்க இங்கேதானே கிடக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான்.

ஐடாவுக்கு எப்போதோ ஒரு தடவை, போன வருஷம் ஒன்று போனது. காத்தவராயனுக்கோ பனிக்காலம் வந்தால் அடிக்கடி. அவருடைய பாதி தீர்ந்து, ஜூடித்தின் பாதியிலிருந்தும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் தகர டப்பாவைப் புதைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை தோண்டி எடுக்கும்போதும் மிச்சத்தை எண்ணிப் பார்ப்பாள். வெளியே சிரித்தபடிதான் கொடுப்பாள்.

இப்போது மணியம்மாள் வாசலில் நிற்கிறாள். உள்ளே ஐடா ஒரு காலைப் பாய்க்கு வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காத்தவராயன் காற்றை இழுப்பது கேட்டது.

"இல்லக்கா," என்றாள் ஜூடித். "போன வாரம் குடுத்தேனே, அதோட ஆயிடுச்சி."

மணியம்மாள் முகத்தில் சந்தேகம் வந்திருந்தால்கூட ஜூடித் தாங்கியிருப்பாள். வந்தது வேறு.

"அய்ய, புள்ளைக்கின்னு ஒண்ணுகூட வெச்சிக்காமயா குடுத்தே? இன்னா பொம்பளடி நீ. மொத மருந்து ஐடாவுக்கு வாங்கி வெச்சிட்டுதான் மத்தது," என்றவள் ஜட்கா வண்டி பிடிக்க ஓடினாள்.

வண்டி சயனைடு மேட்டைத் தாண்டுவதற்குள் காத்தவராயன் இறந்துவிட்டார்.

ஒரு குப்பி அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று ஜூடித் யாரிடம் கேட்பாள்? காப்பாற்றியிருக்காது என்று பகலில் சொல்லிக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போதும் அரிசி களையும்போதும் சொல்லிக்கொண்டாள். ஏனோக்கிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்ட மாட்டான், ஆனால் அவளை ஒரு பார்வை பார்ப்பான். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று லைன்காரர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள். ஜூடித் தன் முறைக்கும் கொண்டுபோனாள், மற்றவர்கள் முறைக்கும் கொண்டுபோனாள். மணியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை ஜூடித்துக்குத் தன்னுடையதாகவே படவில்லை. சாவுச் செலவுக்கு லைனே மடியிலிருந்த காசை அவிழ்த்துக் கொடுத்ததில் பெங்களூர்ப் பயணம் தள்ளிப்போனது. மணலுக்கு அடியில் அந்த ஒரு குப்பி அப்படியே இருந்தது. அது இருப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

கருமாதி அன்று பூதிகோட்டையிலிருந்து மணியம்மாளின் உறவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்திறங்கினார்கள். சமையலை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மணியம்மாள் மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். படையல் முடிந்து பந்தி போட்டபோது, ஐடாவின் கையைப் பிடித்தபடி ஜூடித் கதவோரம் நின்றாள். படைத்த சாப்பாட்டைச் சர்ச்சுக்காரர்கள் தொடக் கூடாது என்பது பாஸ்டர் கண்டிப்பு. லைனில் அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"அவுங்க வேதக்காரங்க, சாப்பிட மாட்டாங்க, உட்டுடு," என்றாள் பரிமாறிய பெண்.

மணியம்மாள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள். ஜூடித்தால் அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

"நான் சாப்பிடறேங்க," என்று ஐடாவை இழுத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தாள். இந்த வீட்டுச் சோற்றில் பயப்பட ஒன்றும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் இருந்தது. சமைத்தது மணியம்மாள் இல்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. கத்தரிக்காய்க் கூட்டு கெட்டியாக, வாசனையாக இருந்தது. "எங்க கொல்லையில வெளஞ்ச கடலக்கா, வறுத்து அரைச்சிப் போட்டோம், நல்லா சாப்பிடுங்க," என்று பரிமாறியவள் சொன்னபோது ஐடா இரண்டாவது வாயை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூடித் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். ஐடா கழுத்தைச் சொறிந்தாள். "தொண்டைல நண்டு நடக்குதும்மா," என்றாள். ஜூடித் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடி, பானையைத் தள்ளி, மணலைக் கிளறிக் குப்பியை எடுத்தாள். எடுத்த பிறகுதான் நின்றாள். ஊசிக் குழல் அந்த வீட்டில் இருக்கிறது. ஊசி போடத் தெரிந்த கையும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி தூரம். ஏனோக் பூமிக்கடியில் இருக்கிறான். ஐடாவின் கண்கள் இரண்டு கோடுகளாகிவிட்டிருந்தன.

பந்தியில் இருந்தவர்கள் கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருக்க, அவள் மணியம்மாள் முன்னால் போய் நின்றாள்.

மணியம்மாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "ஐயோ, கடலக்காயா? மருந்துதான் இல்லியேடி," என்றவள், ஜூடித் நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தாள். குப்பியில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

"இது ஏது?"

ஜூடித் பிள்ளையின் முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். "அக்கா, புள்ள," என்றாள்.

மணியம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரியிலிருந்து ஊசி டப்பாவை எடுத்தாள். பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். பானையிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு சட்டியில் ஊற்றி, குழலையும் ஊசியையும் அதில் போட்டாள். போன வருஷம் ஐடாவுக்கு இப்படி ஆனபோது, சுடுதண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு மறு நிமிஷம் குத்தியவள் இவள்தான்.

"அக்கா, வெளிய அடுப்புல வெந்நி கொதிக்குது. அத்த எடுத்தாரட்டுமா?"

"இதுலயே கொதிக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜூடித் காலில் விழுந்திருப்பாள். ஐடா அம்மாவின் தோளில் வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். அவளுடைய சின்ன நெஞ்சு உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. மணியம்மாள் ஸ்டவ் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முக்காட்டை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, சட்டிக்குள் குனிந்து பார்த்தாள். அடியிலிருந்து ஒரே ஒரு குமிழ் கிளம்பி மேலே வந்து உடைந்தது. குப்பி இருந்த கையை அவள் இன்னும் விரிக்கவில்லை.